பங்குக் குதிரை

1893இல் அமைந்த கொழும்புப் பந்தயத்திடல் இன்று விளையாட்டரங்கமாயிற்று. வெள்ளவத்தை மாடிவீட்டிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் குதிரை கட்ட இடமேது? சவாரிப் பிரியருக்குப் பிறர் குதிரையிற் பங்கு கொள்வதே எளிய வழி.

பசுவை ஒருவர் கொடுக்க, மற்றவர் வளர்த்துக் கன்றைப் பங்கிடும் வாரமுறை தமிழர் அறிந்ததே. ஆயின் பசு பால் தரும். குதிரையோ செலவையே தரும். ஏறாத நாளிலும் அது உண்ணும். ஆறெட்டு வாரத்துக்கொருமுறை குளம்பு செதுக்கி இலாடம் அடித்தல் வேண்டும். எனவே சவாரி நாள்களோடு செலவுப் பங்கையும் எழுதிக்கொள்க.

இன்னொன்று: குதிரையால் வாந்தியெடுக்க இயலாது, வயிற்றுநோவு உயிரையே பறிக்கக்கூடும். நள்ளிரவில் உரிமையாளர் ஊரிலில்லையெனின், மருத்துவரை அழைக்கும் அதிகாரம் எவருக்கு? முன்னரே அதனைத் தீர்மானியாத பங்காளிகள் வாதிடும் வேளையில், வாயில்லாச் சீவன் மாண்டுவிடும்.