இசையும் ஈகையும்



எங்கோ ஒரு நாட்டில் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படுகிறார்கள் என்று செய்தி வருகிறது. நாம் வருந்துகிறோம். நமக்குள் பேசிக்கொள்கிறோம். பிறகு ஊரிலே நல்லுள்ளம் படைத்த நாலு பேர் கூடி, "ஒரு கலை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டி அனுப்புவோமே" என்கிறார்கள். உடனே ஒருவர், "அங்கே பிணம் விழுகிறது, இங்கே பாட்டுக் கச்சேரியா?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது. இதற்கு விடை காண, உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை இன்று எடுத்துப் பார்ப்போம்.

இன்று வங்காளதேசம் எனப்படும் நாடு 1971ஆம் ஆண்டு இறுதிவரை கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது. 1970 நவம்பர் 12ஆம் நாள் அதன் கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. சில லட்சம் பேர் மாண்டனர். அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் அவாமி கட்சி 300 நேரடித் தொகுதிகளில் 160ஐ வென்று பெரும்பான்மை பெற்றது. ஆட்சியோ அதன் கைக்கு வரவில்லை. 1971 மார்ச் 25ஆம் நாள் இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்கா நகரில் தாக்குதலைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் மாணவரும் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்துக்கள் தனியே குறிவைக்கப்பட்டனர்.

ஒன்பது மாதங்களில் மாண்டவர் தொகை 30 லட்சம் என்கிறது வங்காளதேச அரசு. இதனினும் குறைவாக மதிப்பிடும் ஆய்வாளரும் உண்டு. இந்தியாவுக்குள் ஓடி வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அந்தோணி மஸ்கரேனாஸ் என்ற பாகிஸ்தானியப் பத்திரிகையாளர் தாம் நேரில் கண்டதை 1971 ஜூன் 13ஆம் நாள் லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழில் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பு ஒரே சொல்தான்: இனப்படுகொலை.

அப்பொழுது அமெரிக்காவில் இருந்தார் சித்தார் மேதை ரவிசங்கர். அவருடைய குரு அலாவுதீன் கான் பிறந்தது அந்தக் கிழக்கு வங்காள மண்ணில்தான். தம் குருவின் மண் எரிவதைத் தொலைவிலிருந்து பார்த்திருக்க அவரால் முடியவில்லை. கச்சேரி ஒன்று செய்து 25,000 டாலராவது திரட்டலாம் என்று நினைத்தார். தம்மிடம் சித்தார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசனிடம் அதைச் சொன்னார். 'பீட்டில்ஸ்' குழுவில் இருந்து உலகப் புகழ் பெற்றவர் ஹாரிசன். சில வாரங்களுக்குள் அவர் தம் நண்பர்களான பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் ஒன்றுசேர்த்தார்.

1971 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் பிற்பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள். முதலில் மேடையேறியவர்கள் ரவிசங்கர், சரோது வித்துவான் அலி அக்பர் கான், தபேலா வித்துவான் அல்லா ரக்கா, தம்பூரா மீட்டிய கமலா சக்கரவர்த்தி ஆகியோர். அலி அக்பர் கான் அலாவுதீன் கானின் மகன். அவர் பிறந்ததும் அதே மண்ணில்தான். இசை நடக்கும்போது புகைபிடிக்க வேண்டாம் என்று ரவிசங்கர் சபையோரைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் சபையோர் பலமாகக் கைதட்டினர். சுருதி சேர்த்ததற்கே இவ்வளவு பாராட்டென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக அவர் நகைச்சுவையுடன் கூறினார். அன்று அவர்கள் வாசித்தது வங்காள நாட்டுப்புற மெட்டில் அமைந்த இசை. அது களியாட்டமாக இருக்கவில்லை. தம் வீட்டில் இழவு விழுந்தவர் தம் வீட்டு மொழியில் புலம்புவதைப் போன்றது அது.

ஆகவே, நேயர்களே, முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த நாட்டின் பெயரையே கேட்டறியாத பல்லாயிரம் இளைஞர்கள் ஒரே நாளில் அதைக் கேட்டார்கள். படுகொலை நடத்துவோர் விரும்புவது உலகம் பேசாமல் இருப்பதை. அந்த மௌனத்தைக் கலைக்க இசையால் முடிந்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. இனித்தான் நாம் கவனமாகக் கேட்கவேண்டிய பகுதி வருகிறது.

நுழைவுச்சீட்டில் வசூலான 243,418 டாலர் 50 காசு, ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபிடம் விரைவில் சேர்ந்தது. பிறகு மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பும், 1972இல் திரைப்படமும் வெளிவந்தன. பல லட்சம் டாலர் குவிந்தது. குவிந்த பணம் போய்ச் சேரவேண்டுமே! யூனிசெஃபுடன் முன்கூட்டியே முறையான ஏற்பாடு செய்யாமல் நிகழ்ச்சியை நடத்திவிட்டார்கள். அதனால் வரிவிலக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க வருமானவரி இலாகாவின் விசாரணையில் அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஏறத்தாழப் பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. 1985ஆம் ஆண்டளவில்தான் ஏறக்குறைய ஒரு கோடியே 20 லட்சம் டாலர் சென்று சேர்ந்திருந்தது. எவரும் திருடவில்லை, எவரும் ஏமாற்றவில்லை. முதலில் போடவேண்டிய கையெழுத்தைப் போடாமல் விட்டதற்கு அவ்வளவு பெரிய விலை.

அந்தத் தாமதத்தின் பொருளை அகதி முகாமில் நின்று பார்க்கவேண்டும். 1971ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் மேற்கு வங்காள எல்லையிலுள்ள பன்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். டாக்டர் திலீப் மகாலனாபிஸ் அப்போது துணிந்து ஒரு வழி கண்டார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா ஆகிய மூன்றையும் அளவோடு கலந்து பொட்டலமாகக் கட்டச் செய்தார். அதைத் தண்ணீரில் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கவைத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, அவருடைய கவனிப்பில் இருந்தோரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. சில காசு பெறும் ஒரு பொட்டலம் ஓர் உயிர். ஆனால் அது அன்றைக்குக் கிடைக்கவேண்டும். வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தை பத்தாண்டு காத்திருக்குமா? காலத்தே செய்யும் உதவியை வள்ளுவர் ஏன் தனியே எடுத்துப் போற்றினார் என்பது இங்கே நமக்கு விளங்குகிறது.

சரி, இது நம்முடைய ஊருக்கு எப்படிப் பொருந்தும்? தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ நாம் நடத்தும் நிகழ்ச்சிக்கும் இதே நியாயம்தான். நாம் பார்த்ததில்லையா? மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பிரமுகர்களுக்கு மாலை, பொன்னாடை, இரவு விருந்து என்று எல்லாம் போக, அகதிக்கு மிஞ்சுவது சில்லறை. கைதட்டல் மட்டும் குறைவில்லை.

ஆகவே மூன்று காரியங்களை நினைவில் வைப்போம். முதலாவது, பணம் யாரிடம், எந்த வழியில் போகும் என்பதை நுழைவுச்சீட்டு அச்சாகுமுன் எழுத்தில் உறுதி செய்துகொள்ளவேண்டும். நம் நாட்டில் வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட உரிமம் வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதையும் முன்னதாகவே பெறவேண்டும். இரண்டாவது, செலவுக்கு ஒரு வரம்பு கட்டவேண்டும். பொன்னாடைக்குப் பதில் நன்றிச் சொல் போதும். மூன்றாவது, வரவு செலவுக் கணக்கையும், பணம் சேர்ந்ததற்கான ரசீதையும் மண்டபத்தில் ஒட்டவேண்டும். ஐந்து வெள்ளி கொடுத்த பாட்டியும் அதைப் படிக்க உரிமை உடையவர்.

இது பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2017 ஆகஸ்ட் முதல் மியன்மாரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்கியா மக்கள் தப்பியோடினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது எந்த நாடு? ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக வெளியேறிய அதே வங்காளதேசம். இனப்படுகொலைக் குற்றச்சாட்டின் மீது காம்பியா நாடு 2019இல் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில் அம்மக்களைக் காக்கும்படி நீதிமன்றம் மியன்மாருக்கு இடைக்கால ஆணையிட்டது. நம் மலேசியாவிலும் ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்ற ரொஹிங்கியர் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். சந்தையில் மூட்டை தூக்குபவரும், நம் வீட்டருகே புல் வெட்டுபவரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

ஆகவே, அடுத்த முறை நம் ஊரில் ஒரு கலை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால், நாம் போவோம், பாட்டைக் கேட்போம், கொடுப்பதைக் கொடுப்போம். வாசலில் நின்று பணிவாக ஒரு கேள்வியும் கேட்போம்: "ஐயா, இந்தப் பணம் அங்கே என்றைக்குப் போய்ச் சேரும்?" அதற்கு நேரான பதில் சொல்லக்கூடிய நிகழ்ச்சியே நல்ல நிகழ்ச்சி.