24 எலக்ட்ரான்களின் கணக்கு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும், அந்த 14 கிலோமீட்டரில் பசி என்ற பேச்சே இருக்காது. புளியோதரை, சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று வழிநெடுக அன்னதானம். விடிந்ததும் தொன்னைகளோடு மிச்சச் சோறு குவிந்து கிடக்கும். அதில் நுண்ணுயிர்கள் பந்தி உட்கார்ந்துவிடும். அவற்றுக்கு என்ன கிடைக்கிறது, நமக்கு என்ன மிஞ்சுகிறது என்பதற்கு வேதியியலில் ஒரு கணக்கு உண்டு.

சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அது உடைந்தால் குளுக்கோஸ். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுக்கச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது 24 எலக்ட்ரான்களை விடுகிறது. இது பாதி வினை. விட்டதை ஒருவர் வாங்கியாக வேண்டும், அது மறுபாதி. இரண்டிலும் எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் கணக்கு நேராகும்.

காற்றுப் படுகிற இடத்தில் வாங்குவது ஆக்சிஜன். ஒரு மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான் என்றால், 24-க்கு 6 ஆக்சிஜன். 180 கிராம் குளுக்கோஸுக்குச் சுமார் 2,870 கிலோஜூல் ஆற்றல் கிடைக்கும். மூடிய எரிவாயுக் கலனுக்குள் ஆக்சிஜன் ஏது? அங்கே 8 எலக்ட்ரான் சேர்ந்தால் ஒரு மீத்தேன். 24-க்கு 3 மீத்தேன். நுண்ணுயிருக்குக் கிடைப்பதோ சுமார் 400 கிலோஜூல், ஏழில் ஒரு பங்கு.

நுண்ணுயிர் வளரவும் வேண்டுமல்லவா? உடம்பு கட்டுவதற்கும் அதே 24-இல் இருந்துதான் எலக்ட்ரான் எடுக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பெர்ரி மெக்கார்ட்டி இதை மூன்றாவது பாதி வினையாகச் சேர்த்து, எத்தனை பங்கு ஆற்றலுக்கு, எத்தனை பங்கு வளர்ச்சிக்கு என்று கணக்கிட வழி சொன்னார். காற்றோட்டம் இருந்தால் பாதிக்கும் மேல் வளர்ச்சிக்குப் போகலாம். பெருகிய நுண்ணுயிர்கள் சேறாக மலைபோல் சேரும். காற்றில்லாவிட்டால் நாலைந்து எலக்ட்ரான் போனாலே அதிகம். மற்றதெல்லாம் மீத்தேனில் தங்கிவிடுகிறது.

ஏழு பங்கு ஆற்றலில் நுண்ணுயிர் எடுக்க முடியாத அந்த ஆறு பங்கைத்தான் நாம் அடுப்பில் எரிக்கிறோம். 180 கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 70 லிட்டர் மீத்தேன் வரை எதிர்பார்க்கலாம். அதே சோற்றைக் குப்பைமேட்டில் கொட்டினாலும் குவியலுக்கு அடியில் இதே கணக்குதான் ஓடும். ஆனால் வாயு வானத்துக்குப் போய், கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டுச் சாணம் கரைத்த கலனில் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால், அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும். மெதுவாக வளரும் மீத்தேன் நுண்ணுயிர்கள் புளிப்பில் முடங்கிவிடும். வாயு நின்றுபோகும்.

அன்னதானம் செய்பவர்கள் மிச்சச் சோற்றைத் தொன்னையோடும் பிளாஸ்டிக்கோடும் கலக்காமல் தனியாக எடுத்து வைத்தால், அடுத்த பௌர்ணமிச் சமையலுக்குக் கொஞ்சம் எரிவாயு அதிலிருந்தே கிடைக்கும்.