இரு மொழிகளின் வழக்குரைஞர்: சர் முத்து குமாரசுவாமி



இன்று நாம் நினைவுகூர்பவர் இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமி. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை என்றே பலரும் இவரை அறிவர். மைந்தரின் புகழொளியில் தந்தையின் பணி மங்கிவிடலாகாது.

முத்து குமாரசுவாமியின் தந்தையார் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி, பருத்தித்துறைப் பகுதியிலிருந்து கொழும்பு சென்று, ஆளுநருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக விளங்கியவர். சட்ட நிரூபண சபையில் தமிழர் சார்பில் முதன்முதல் அமர்ந்தவர். மக்கள் முறையீட்டை ஆட்சியாளர் மொழியில் எடுத்துரைப்பது அவர் தொழில். மைந்தர் அத்தொழிலை இலக்கியத்திற்கு உயர்த்தினார்.

கொழும்பில் வழக்குரைஞராக விளங்கிய முத்து குமாரசுவாமி, அச்சபையில் தாமும் இடம்பெற்றார். 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அத்தகுதி பெற்றது அதுவே முதன்முறை என்பர். அவ்வாண்டிலேயே அரிச்சந்திர நாடகத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து அங்கு வெளியிட்டார்.

ஒரு வழக்குரைஞர் ஏன் அரிச்சந்திரனைத் தேர்ந்தார்? கீழைநாட்டார் சாட்சிக் கூண்டில் பொய்யுரைப்பர் என்று ஆங்கிலேய அலுவலர் பலர் எழுதிவந்த காலம் அது. நாடு, மனைவி, மகன் அனைத்தையும் இழந்தும் வாய்மை வழுவாத மன்னனின் கதையை அவர்கள் மொழியிலேயே அவர்கள்முன் வைத்தது, நீதிமன்றத்திற்கு வெளியே நிகழ்ந்த ஒரு வாதம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சைவராகிய அவர், பாலி மொழியிலிருந்து சுத்த நிபாதப் பகுதிகளையும் தாதாவம்சத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். அவை வெளிவந்த 1874ஆம் ஆண்டிலேயே 'சர்' பட்டமும் அவரை அடைந்தது.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் கூடாது. அவரைச் சபைக்கு அனுப்பியது ஆளுநரின் நியமனம். மக்களின் வாக்கு அன்று. சாதாரணத் தமிழரின் குரல் அச்சபையில் எவ்வளவு ஒலித்தது என்னும் வினாவை மாணவர்கள் எழுப்புதல் முறையே.

1879 மே 4ஆம் நாள் அவர் மறைந்தபோது ஆனந்தருக்கு இரண்டு வயதும் நிறைவுறவில்லை. சபையில் அவர் இடத்தை மருகர் பொன்னம்பலம் இராமநாதன் ஏற்றார்.

நம் மாணவர்களும் இரு மொழிகளில் வளர்பவர்களே. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்க அவர்களைப் பழக்குகிறோம். தமிழிலுள்ளதைப் பிறர் அறியப் பெயர்த்துரைக்கப் பழக்குகிறோமா? தம் வகுப்புத் தோழர் ஒருவருக்குத் தமிழ்க் கதை ஒன்றை அவர் மொழியில் எடுத்துரைக்கும் மாணவர், முத்து குமாரசுவாமி தொடங்கிய பணியையே தொடர்கிறார். அப்பயிற்சியை நம் வகுப்பறைகளில் தொடங்குவோமாக.