பதவியை மறுத்த சேவில்

சர் ஜார்ஜ் சேவில் 1726-இல் லண்டனில் பிறந்தார். 1743-இல் தந்தை மறைந்தபோது, பதினேழு வயதிலேயே பேரனட் பட்டமும் யார்க்‌ஷயரிலும் நாட்டிங்ஹாம்ஷயரிலும் பரந்து கிடந்த நிலங்களும் அவர் கைக்கு வந்தன. 1759-இல் யார்க்‌ஷயர் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1783 வரை அவரே அதன் உறுப்பினர்.

1765-இல் ராக்கிங்ஹாம் பிரபு அமைச்சரவை அமைத்தபோது பதவி வீடு தேடி வந்தது. வேண்டாம் என்றார் சேவில். நாற்காலிக்காக நேற்றுப் பேசியதை இன்று விழுங்குவோர் எந்த நாட்டிலும் உண்டு, எந்தக் காலத்திலும் உண்டு. அந்த வரிசையில் அவர் நின்றதே இல்லை. அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நின்று பேசினார். அவற்றோடு போர் மூண்டபோது அதையும் எதிர்த்தார்.

அவையோரே, அவர் பெயர் நிலைத்தது 1778-இல்! கத்தோலிக்கப் பாதிரியாரைப் பிடித்துக் கொடுத்தால் 100 பவுண்டு பரிசு. கத்தோலிக்கர் பள்ளி நடத்தினால் ஆயுள் சிறை. நிலம் வாங்கவும் தடை. இதுதான் 1700 முதல் இங்கிலாந்தில் இருந்த சட்டம். சேவில் கத்தோலிக்கர் அல்லர். அவர் கொண்டுவந்த மசோதாதான், மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்த கத்தோலிக்கர்மேல் இருந்த இந்தக் கொடுமைகளை நீக்கியது.

அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? 1780 ஜூன் 2. ஜார்ஜ் கார்டன் பிரபு திரட்டிய சுமார் ஐம்பதாயிரம் பேர், சட்டத்தைத் திரும்பப் பெறு என்று நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். ஊர்வலம் கலவரமானது. லெஸ்டர் ஃபீல்ட்ஸில் இருந்த சேவிலின் மாளிகைக்குள் கும்பல் புகுந்தது. நாற்காலியும் மேசையும் தெருவுக்கு வந்து தீயில் விழுந்தன. வாசலில் இருந்த இரும்புக் கம்பிகள் பிடுங்கப்பட்டு ஆயுதங்களாயின. நியூகேட் சிறையும் எரிந்தது. படை வந்து சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வீடு சூறையானது; சட்டம் நின்றது!

அதே 1780-இன் பிப்ரவரியில், அரசின் வீண்செலவைக் குறைக்கக் கோரி யார்க்‌ஷயர் நில உரிமையாளர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவை அவைக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

1784 ஜனவரியில் சேவில் மறைந்தார். பொதுமக்கள் திரட்டிய பணத்தில் யார்க் பேராலயத்தில் சிலை எழுந்தது. அதன் கையில் இருப்பது அந்த மனுச்சுருள். அவர் தொடங்கிய வேலையை 1791-ஆம் ஆண்டுச் சட்டம் மேலே கொண்டு சென்றது. 1829-இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்திலேயே அமரும் உரிமை பெற்றனர்.