ஓர் ஊரை 381 நாள் நடக்க வைத்த அடுப்படி



இன்றைய மன்றத்தின் பேச்சு சாப்பாட்டைப் பற்றியது. அதிலும், மனத்துக்கு ஆறுதல் தரும் சாப்பாட்டையும் நாவுக்கு இனிக்கும் பலகாரத்தையும் பற்றியது. உடல் சோர்ந்தாலும் மனம் நொந்தாலும் ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஏதோ ஒரு சாப்பாடு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென் மாநில மக்களைக் கேட்டால் அவர்கள் தயங்காமல் ஒரு பட்டியல் சொல்வார்கள். பொரித்த கோழி, சோள ரொட்டி, நெடுநேரம் வேகவைத்த கீரை, பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, வள்ளிக்கிழங்குப் பை, பவுண்டு கேக்.

இவற்றில் எதுவும் பெரிய ஹோட்டலில் பிறந்த உணவு அல்ல. எல்லாம் வீட்டு அடுப்படியில் பிறந்தவை. அந்த அடுப்படிகளில் ஒன்றைப் பற்றியும், அதை ஆண்ட ஜோர்ஜியா கில்மோர் என்ற பெண்மணியைப் பற்றியும்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன், இந்தச் சமையல் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்வது நல்லது. சோளம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தானியம். பன்றி, கோதுமை, வெண்ணெய் ஆகியவை ஐரோப்பியர் கொண்டு வந்தவை. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. நம் வீட்டுக் குழம்பில் கிடக்கும் அதே வெண்டைக்காயும் காராமணியும்தான். இந்த மூன்று வழிப் பொருள்களையும் ஒரே பானையில் சேர்த்த கைகளில் பெரும்பாலானவை அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களின் கைகள். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால், அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேத்திகளும் வெள்ளையர் வீட்டு அடுப்படிகளில் குறைந்த கூலிக்குத் தொடர்ந்து நின்றார்கள்.

சீனி போடலாமா, கூடாதா?

தென் மாநிலத்து வீட்டுச் சமையல்காரர்கள் கருத்தில் உறுதியானவர்கள். சோள ரொட்டியில் சீனி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே மேசையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "சீனி போட்டால் அது ரொட்டி அல்ல, கேக்" என்பது ஒரு கட்சி. "சீனி இல்லாத ரொட்டியை யார் தின்பது" என்பது மற்றொரு கட்சி.

இதற்குப் பின்னால் ஒரு காரணமும் கூறப்படுகிறது. முன்பு, நன்கு முற்றிய சோளத்தைக் கல் எந்திரத்தில் அரைத்தார்கள். அந்த மாவுக்கு இயற்கையாகவே ஓர் இனிப்பு உண்டு. பின்னர் இரும்பு உருளை ஆலைகள் வந்தன. மாவு மென்மையானது, நெடுநாள் கெடாமலும் இருந்தது. ஆனால் ருசி குறைந்தது. போன ருசியை ஈடுகட்டத்தான் சீனியும் கோதுமை மாவும் உள்ளே நுழைந்தன என்கிறார்கள்.

வர்ஜினியா மாநிலத்தில், விடுதலை பெற்ற அடிமைகள் அமைத்த ஒரு சிற்றூரில் 1916இல் பிறந்தவர் எட்னா லூயிஸ். தென் மாநிலச் சமையலைப் பற்றி 1976இல் அவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. கடையில் விற்கும் சோடா மாவுக் கலவையில் உலோக வாசம் அடிக்கிறது என்று சொல்லி, அதைத் தாமே வீட்டில் கலந்துகொண்டவர் அவர். கேக் வெந்துவிட்டதா என்று அறிய அதைக் காதருகே வைத்துக் கேட்பார். உள்ளே சத்தம் இருந்தால் இன்னும் வேக வேண்டும், சத்தம் அடங்கினால் இறக்கலாம். அளவுக் கரண்டி இல்லாத காலத்தில், சோடா மாவைச் சில்லறைக் காசின் மேல் குவித்து அளந்த குடும்பம் அவருடையது.

இப்படிப்பட்ட கைப்பழக்கம் உள்ள பெண்கள் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஜோர்ஜியா கில்மோரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம், அவர் சமைத்த உணவு ஒரு போராட்டத்துக்குச் சோறு போட்டது.

ஒரு பேருந்துப் பயணம்

கில்மோர் 1920இல் பிறந்தவர். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் வாழ்ந்தார். ஆறு பிள்ளைகளை வளர்த்தார். ஓர் உணவுக்கடையில் சமையல் வேலை பார்த்தார், பிரசவமும் பார்த்தார். அந்நகரத்துப் பேருந்துகளில் முன்வரிசை வெள்ளையருக்கு. கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடியும் ஏற வேண்டும் என்று சொல்லும் ஓட்டுநர்களும் இருந்தார்கள்.

1955ஆம் ஆண்டில் ஒரு நாள் கில்மோருக்கும் அதுதான் நடந்தது. கட்டணம் கட்டினார். இறங்கிப் பின்னால் போய் ஏறும்படி ஓட்டுநர் அதட்டினார். கில்மோர் இறங்கினார். அவர் பின்வாசலை அடைவதற்குள் பேருந்து கிளம்பிப் போய்விட்டது. அன்றே அவர் இனிப் பேருந்தில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, இருக்கையை விட்டுக் கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். டிசம்பர் 5ஆம் தேதி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அன்று மாலை ஒரு தேவாலயத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 26 வயதே ஆன மார்ட்டின் லூதர் கிங் அங்கு உரையாற்றினார். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

நேயர்களே, இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒரு நாள் நடந்து போவது எளிது. ஒரு வருடத்துக்கும் மேலாக நடப்பது எப்படி? முதியவர்கள் இருக்கிறார்கள். ஊரின் மறுகோடியில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நூற்றுக்கணக்கான கார்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. காருக்குப் பெட்ரோல் வேண்டும், டயர் வேண்டும், காப்புறுதி வேண்டும். பணம் எங்கிருந்து வரும்?

பதினான்கு டாலர் முதலீடு

கில்மோரும் சில பெண்களும் தங்களுக்குள் 14 டாலர் வசூலித்தார்கள். அதில் கோழியும் ரொட்டியும் கீரை இலையும் வாங்கினார்கள். கோழியைப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து, போராட்டக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விற்றார்கள். வந்த பணம் போராட்டத்துக்குப் போனது. பிறகு முழுச் சாப்பாடு, வள்ளிக்கிழங்குப் பை, பவுண்டு கேக் என்று வியாபாரம் வளர்ந்தது. சிகை அலங்காரக் கடை, சலவைக் கடை, டாக்சி நிலையம் என்று எங்கெல்லாம் ஆள் கூடுமோ அங்கெல்லாம் இவர்களின் பலகாரம் போனது.

ஏன் பவுண்டு கேக்? மாவு, வெண்ணெய், சீனி, முட்டை ஆகியவற்றை ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்ததால் வந்த பெயர் அது. மேலே கிரீம் பூச்சு தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாமலேயே சில நாள் தாங்கும். துண்டு போட்டு விற்கலாம், கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். வள்ளிக்கிழங்கோ ஏழையின் தோட்டத்துப் பொருள். அவித்து மசித்து, வெண்ணெய், முட்டை, பால், சீனி, சாதிக்காய்த் தூள் சேர்த்து, மெல்லிய மாவுத் தட்டில் ஊற்றிச் சுட்டால் பை ஆகிவிடும். மலிவான பொருளில் விலை போகும் பலகாரம். நாள்தோறும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தியவருக்குத்தான் இந்தத் தேர்வு தெரியும்.

இந்தக் குழுவுக்குக் கில்மோர் வைத்த பெயர், 'கிளப் ஃப்ரம் நோவேர்'. தமிழில் சொன்னால், 'எங்கிருந்தும் வராத சங்கம்'. விளையாட்டாகத் தோன்றும் இந்தப் பெயரில் ஒரு பாதுகாப்பு இருந்தது. சமைத்த பெண்களில் பலர் வெள்ளையர் வீட்டில் வேலை செய்தவர்கள். போராட்டத்துக்கு உதவுவது தெரிந்தால் வேலை போய்விடும், வாடகை வீடும் போகலாம். சொந்த வருமானம் உள்ளவர்கள் துணிந்து முன்னால் நிற்கலாம், மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை என்பது கில்மோரின் கருத்து. ஆகவே, யார் சமைத்தார், யார் வாங்கினார் என்பது அவர் மனத்தில் மட்டும் இருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். அதில் பொய்யும் இல்லை, சங்கத்தின் பெயரே அதுதானே!

திங்கட்கிழமைக் கூட்டங்களில் கில்மோர் எழுந்து அந்த வாரத்து வசூலை அறிவிப்பார். கூட்டம் கைதட்டிக் காலால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்யும். ஊரின் வேறொரு பகுதியில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற பெண்மணி இதேபோல் மற்றொரு குழுவை நடத்தினார். இந்த வாரம் யார் அதிகம் கொண்டு வந்தார் என்று இரு குழுவினருக்கும் இடையே நல்ல போட்டியும் நடந்தது.

வேலை போனது, அடுப்பு அணையவில்லை

1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்திய குற்றத்துக்காகக் கிங் மீது வழக்கு நடந்தது. கில்மோர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தம்மை இறக்கிவிட்டுப் போன பேருந்தைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதன் விளைவாக உணவுக்கடை வேலை பறிபோனது.

ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையை இழந்தவரின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். கிங் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். பிறருக்கு உழைத்தது போதும், வீட்டிலேயே சமைத்து விற்கலாம் என்றார். பாத்திரம் வாங்கவும் உதவினார். கில்மோர் விடியுமுன் எழுந்து சமைக்கத் தொடங்கினார். மதிய வேளையில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இடம் கிடைக்காது. வெள்ளையரும் வந்தார்கள், கறுப்பரும் வந்தார்கள். உணவகங்களில் இரு இனத்தாரும் ஒன்றாக அமரச் சட்டம் தடை போட்டிருந்த நகரத்தில், ஒரு பெண்ணின் வீட்டு மேசையில் அது சாதாரணமாக நடந்தது. கிங் தம் நண்பர்களுடன் நம்பிப் பேசக்கூடிய இடமாகவும் அந்த வீடு இருந்தது.

1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேருந்து இனப்பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பர் 20ஆம் தேதி புறக்கணிப்பு முடிந்தது. கில்மோர் அதோடு ஓயவில்லை. 1957இல் அவர் மகன் நகரப் பூங்கா வழியாக நடந்து சென்றதற்காகப் போலீசாரால் தாக்கப்பட்டார். கில்மோர் வழக்குத் தொடுத்தார். பூங்காக்களில் இனப்பாகுபாடு காட்டக்கூடாது என்று 1959இல் தீர்ப்பு வந்தது. கறுப்பருடன் பகிர்ந்துகொள்ள மனமில்லாத நகராட்சி பூங்காக்களையே மூடிவைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவை திறந்தன. அந்த வழக்கின் தொடர்ச்சி 1974இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இனிப்பின் மறுபக்கம்

இந்த உணவைப் புகழும்போது ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் சீனியும் நிறைந்த சாப்பாடு உடம்புக்கு நல்லதா? அமெரிக்க நோய்த் தடுப்பு ஆய்வாளர்கள் 2011இல் நீரிழிவு அதிகமுள்ள வட்டாரங்களை வரைபடத்தில் குறித்தபோது, அதன் பெரும்பகுதி தென் மாநிலங்களில்தான் விழுந்தது. உணவு மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. வறுமையும், உடலுழைப்பு குறைந்ததும், மருத்துவ வசதிக் குறைவும் சேர்ந்த விளைவு அது. ஆனாலும் உணவுக்கும் அதில் பங்கு உண்டு.

பழைய வீட்டுச் சமையலைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். அன்றாடச் சாப்பாடு கீரையும் பயறும் சோளமும்தான். பொரித்த கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு, கேக் விசேஷ நாளுக்கு. வயலில் நாள் முழுதும் உழைத்தவன் தின்ற விருந்தை, நாற்காலியில் அமர்ந்திருப்பவன் நாள்தோறும் தின்பதில்தான் கோளாறு. பாட்டியின் கைப்பக்குவத்தைப் பழிப்பதால் பயனில்லை, அவர் வைத்திருந்த நாள் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

1990 மார்ச் மாதத்தில், செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த புகழ்பெற்ற உரிமை ஊர்வலத்தின் 25ஆம் ஆண்டு நினைவு வந்தது. நடந்து வருவோருக்காகக் கில்மோர் கோழியும் மக்ரோனியும் சமைத்தார். 70 வயதான அவர் அந்தச் சமயத்தில்தான் காலமானார். அவர் சமைத்து வைத்திருந்த உணவு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பரிமாறப்பட்டது.

மேடையில் பேசியவர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அது சரியே. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பசியோடு திரும்பவில்லை, கார்கள் பெட்ரோல் இல்லாமல் நிற்கவில்லை. அதற்குக் காரணம், பெயர் தெரியாத பெண்கள் இரவு கண்விழித்து மாவு பிசைந்ததுதான். "சமையல்தானே" என்று அலட்சியமாகச் சொல்லும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஒரு கோயில் திருவிழாவாகட்டும், தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் விருந்தாகட்டும், நிகழ்ச்சி முடிந்ததும் மேடையில் இருப்பவருக்கு மாலை விழுகிறது. பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருப்பவரின் பெயர் அறிக்கையில் வருவதில்லை. அடுத்த முறை நன்றியுரையில் அந்தப் பெயர்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். மறைந்திருக்க வேண்டிய கட்டாயம் கில்மோரின் தோழியருக்கு இருந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.