கனவை வரையும் கை: ஓவியர் நேயோ ரவுக்



நவீன ஓவியம் என்றதும் "நமக்கு விளங்காது" என்று ஒதுங்கிக்கொள்வோர் பலர். அவர்களை மனதிற்கொண்டே ஜேர்மன் ஓவியர் நேயோ ரவுக் பற்றி இன்று பேச விழைகிறேன். இவரது ஓவியங்களில் உருவங்கள் தெளிவாகவே தெரியும்: தொழிலாளர், பழங்கால உடையணிந்த கனவான்கள், ஆலைகள், மலைச்சாரல்கள். ஆனால் அம்மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பிடிபடாது. வெவ்வேறு நூற்றாண்டினர் அருகருகே நிற்பர், ஒருவரையொருவர் கண்டுகொள்ளமாட்டார்கள். கனவின் நியதியும் இதுதானே!

ரவுக் 1960 ஏப்ரலில் லைப்சிக் நகரில் பிறந்தார். நான்கு வாரங்களில், 54 உயிர்களைப் பலிகொண்ட ரயில் விபத்தொன்றில் பெற்றோர் இருவரும் மாண்டனர். இருவரும் ஓவிய மாணவர்கள். தந்தைக்கு வயது 21, தாய்க்கு 19. அஷெர்ஸ்லேபன் என்னும் சிற்றூரில் பாட்டன் பாட்டியே குழந்தையை வளர்த்தெடுத்தனர்.

பின்னர் லைப்சிக் கலைக்கல்லூரியில் ஆர்னோ ரிங்க், பெர்ன்ஹார்ட் ஹைசிக் ஆகியோரிடம் பயின்றார். மேற்குலகில் அரூப ஓவியம் கோலோச்சியபோதும், கிழக்கு ஜேர்மனியின் அக்கல்லூரி உருவம் வரையும் பயிற்சியைக் கைவிடவில்லை. சோஷலிச யதார்த்தவாதம் அங்கு அரச கொள்கையாயிருந்தது. 1990இல் அந்த அரசு மறைந்தது. அதன் சுவரொட்டிகளில் நிமிர்ந்து நின்ற உழைப்பாளி, ரவுக்கின் ஓவியத்தில் செய்யவந்த வேலையை மறந்தவனாய் நிற்கிறான்.

பழைய பருத்தி ஆலையொன்றில் அமைந்த கூடத்திலிருந்து இவர் புகழ் பரவியது. 2007இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்தில் தனிக் கண்காட்சி. 2010இல் லைப்சிக்கிலும் மியூனிக்கிலும் ஏககாலத்தில் மீள்நோக்குக் கண்காட்சிகள். 2018இல், மனைவியும் ஓவியருமான ரோசா லோயுடன் சேர்ந்து, பைரொய்த் விழாவில் வாக்னரின் 'லோஹன்கிரின்' இசைநாடகத்துக்குக் காட்சியமைத்தார்.

"திறவுகோல் தராத புதிர்கள், பொறுப்பிலிருந்து நழுவும் கலை" என்று இவரைக் குறைகூறுவோர் உளர். அக்கூற்றை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 2007இல் வரைந்த 'தந்தை' என்ற ஓவியத்தைப் பாருங்கள். இளைஞன் ஒருவன், தன்னிலும் மூத்த, உருவிற் சிறிய ஒருவனைக் கைகளில் ஏந்தி நிற்கிறான். புதிராகத் தோன்றுகிறதா? மகனுக்கு அப்போது வயது 47; தந்தைக்கோ என்றென்றும் 21. தந்தை மகனை ஏந்துவதானால் அது வேறெப்படி அமையும்?

இங்கே கனவு தப்பியோடும் வழியன்று. நடவாது போன ஒன்றை உள்ளபடி சொல்ல, கனவைத் தவிர வேறு மொழி அவருக்குக் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.