மறைவில் செய்யும் ஊழியம்

(குற்றாலத்தில் நடந்த பங்காளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் அளித்த செய்தி)



 சாரலில் நனைந்துகொண்டும் வந்திருக்கிறீர்கள். கர்த்தர் உங்கள் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

இன்று நான் பேசப்போகிற காரியத்தைப் பிரசங்க பீடத்தில் யாரும் பேசுவதில்லை. வீட்டிலும் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள். சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாத பெரியவர்களைக் குறித்தும், அவர்களுக்குப் போடுகிற டயாப்பரைக் குறித்தும், அவர்களுடைய தோலைக் காப்பதைக் குறித்தும் சொல்லப்போகிறேன்.

வார்டில் கட்டில் கட்டிலாக ஜெபிக்கப் போகிறவனிடம், டாக்டரிடம் சொல்லாததையும் ஜனங்கள் சொல்லுவார்கள். "ஐயரே, நனைஞ்சிரும்னு பயந்து தண்ணியே குடிக்கிறதில்ல" என்பார் ஒருவர். "கோவிலுக்குப் போயி மாசக்கணக்காச்சு" என்பார் ஒரு தாயார். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வருந்திய ஸ்திரீ, ஆண்டவரின் முகத்துக்கு முன்னே வரத் துணியாமல் பின்னாக வந்தாள் அல்லவா? அந்த வெட்கம் இன்றைக்கும் நம் வார்டுகளில் இருக்கிறது.

முதலாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடக்க முடியாமை முதுமையின் தலையெழுத்து என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை வியாதி, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கம், கடும் மலச்சிக்கல், சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாயிருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே டயாப்பர் வாங்குமுன் டாக்டரைப் பாருங்கள். டாக்டர் சொன்னாலன்றித் தண்ணீரையும் குறைக்க வேண்டாம். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகித் தோலை இன்னும் அதிகமாய் எரிக்கும், மலச்சிக்கலும் கூடும்.

தோல் ஏன் புண்ணாகிறது? நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது. அதுவே அதற்குக் கவசம். சிறுநீர் தேங்கி நிற்கும்போது அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. புளிப்பு நீங்கிக் காரத்தன்மை ஏறுகிறது. அந்த நிலையில் மலத்திலுள்ள செரிமானப் பொருள்கள் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஈரத்தில் ஊறிய தோல், துணி உரசினாலே உரிந்துவிடும். நம்முடைய கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. நிறம் மாறியிருக்கிறதா, சூடாயிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரங்களில் சிறு சிறு கொப்புளம் பரவினால் பூஞ்சைத் தொற்றாயிருக்கலாம். அதற்கு வேறு மருந்து தேவை.

இனி, டயாப்பரைத் தெரிந்துகொள்ளும் விதம். இடுப்பையும், பின்புறத்தில் அகலமான இடத்தையும் டேப்பால் அளந்து, இரண்டில் பெரிய அளவைப் பாக்கெட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பெரிதாக வாங்கினால் அதிகம் பிடிக்கும் என்று எண்ண வேண்டாம்; இடைவெளி வழியே ஒழுகும். சிறிதானால் தொடை இடுக்கில் அறுக்கும். படுத்த படுக்கையானவர்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் வகை வசதி. நடமாடுகிறவர்களுக்கு ஜட்டி போல் மாட்டும் வகை. உள்ளே ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கும் சத்து, காற்றுப் போகும் வெளிப்புறம், தொடையோரத் தடுப்பு, ஈரமானால் நிறம் மாறும் கோடு ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டைப் போட வேண்டாம். சூடும் வியர்வையுந்தான் மிஞ்சும்.

எவ்வளவு நல்ல டயாப்பரானாலும் அது ஆளுக்குப் பதில் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, புரட்டிப் படுக்கவைக்கும்போதே, தொட்டுப் பார்க்க வேண்டும். மலம் பட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். சாதாரண சோப்பு காரமானது. கிருமிநாசினித் திரவமும் வேண்டாம். பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு உறுத்தும். ஜிங்க் ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லியதாய்ப் பூசினால் போதும். அப்பிவிட்டால் டயாப்பர் உறிஞ்சாது. பகலில் சற்று நேரம் ஒன்றும் கட்டாமல் தோலுக்குக் காற்றுப் படவிடுங்கள்.

செலவை நினைத்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயாப்பருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனாலும், பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு மூன்று டயாப்பர் என்பது பாரமே. அப்படிப்பட்டவர்கள் பகலில் நேரம் பார்த்துப் பெட்பேன் வைத்து, பழைய நூல் வேட்டித் துணியை அடிக்கடி மாற்றி, இரவுக்கு மட்டும் டயாப்பர் போடலாம். ஆனால் சாரல் மாதங்களில் தென்காசிப் பக்கத்தில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்கிறதில்லை. ஈரத்துணியையே மறுபடியும் கட்டுகிறார்கள். உங்கள் உதவி அதிகமாய்த் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான்.

தோலைக் காப்பது உயிரைக் காப்பதாகும். ஒரு காலத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் மரித்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் டாக்டர் லுட்விக் குட்மன் தம் பிரிவைத் தொடங்கி, நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டவைத்தார். அவர்கள் பிழைத்தார்கள். நம் வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்து, பின்பு மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழிகாட்டியானார். இங்கே பக்கத்திலுள்ள ஆய்க்குடியில், 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஜீவியங்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத கைகள் நாள்தோறும் புரட்டி, துடைத்து, உலர்த்தியிருக்கின்றன.

நோவா வஸ்திரம் விலகிக் கிடந்தபோது சேமும் யாப்பேத்தும் செய்ததை நினைத்துப் பாருங்கள். தகப்பனைப் பாராதபடி பின்னிட்டு நடந்துபோய் மூடினார்கள். டயாப்பர் மாற்றுகிறவர்களுக்கு அதுவே பாடம். திரையை இழுத்துவிடுங்கள், மேலே ஒரு போர்வை இருக்கட்டும், மூக்கைச் சுளிக்காதீர்கள், "நாத்தம்" என்ற சொல் வாயில் வரவேண்டாம். செய்யப்போவதை முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டயாப்பர் அனுப்புமுன் நர்சிங் கண்காணிப்பாளரிடம் இந்த மாதம் எந்த அளவு தேவை என்று கேட்டு அனுப்புங்கள். பத்துப் பாக்கெட்டுக்கு ஒரு டப்பா ஜிங்க் களிம்பும், ஒரு கட்டு மெல்லிய பருத்தித் துணியும் சேர்த்து வையுங்கள். வரும்போது ஒரு மணி நேரம் தங்கி, எங்கள் சகோதரிகள் மாற்றும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மருமகள் தனியாய்ப் பாடுபடுகிறாள். அவளுக்கு அரைநாள் ஓய்வு கொடுங்கள். அதுவும் காணிக்கைதான்.

சீஷரின் பாதங்களைக் கழுவி, கட்டியிருந்த சீலையால் துடைத்த கர்த்தர், உங்கள் கைகளையும் அந்த ஊழியத்துக்குப் பரிசுத்தமாக்குவாராக. ஆமென்.